செட் வீட்டில் பால் காய்ச்சினேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு என்றால் வாய்விட்டுச் சிரிக்கிற ஆள் நான். சின்ன வயதில் சோறு தின்ன வைப்பதற்காக அம்மா பேய்க்கதை சொல்லப் போக, அந்தப் பேய் என்ன நிறச் சட்டை போட்டிருந்தது, பிறகு அந்தச் சட்டையை யார் தோய்த்தது என்று நான் கேட்ட கேள்வியில் அவரே அலுத்துப்போய்க் கதையை நிறுத்திவிட்டாராம். போதாததற்கு நான் செய்கிற தொழிலும் அப்படி. பொய்யை உண்மை மாதிரிக் காட்டுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். புது மரத்துக்குத் தேயிலைச் சாயம் பூசி அறுபது வயதாக்குவேன், நேற்று வாங்கிய சட்டியைத் தேய்த்துத் தேய்த்துப் பாட்டன் காலத்துச் சட்டியாக்குவேன். இப்படிப்பட்டவளை ஏமாற்றுவது லேசில்லை என்று ஒரு திமிர் எனக்கு உண்டு. அதனால் நான் சொல்லப் போவதை நீங்கள் நம்பாவிட்டால் கோபிக்க மாட்டேன், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்ப மாட்டேன்.

இன்னொன்று, நான் நேரே கண்டது இரவிலே இல்லை. பட்டப்பகல், பகல் பன்னிரண்டரை மணி, மடியில் சோற்றுப் பார்சல்.

கலைப் படிப்பு முடித்து ஒன்றரை வருடம் நாவற்குடாவில் வீட்டோடு இருந்தேன். சும்மா இருக்கவில்லை, கலியாண மணவறைக்கு ரெஜிபோம் நுரைப்பலகையில் அன்னம் வெட்டுவேன், பள்ளிக்கூட விழாவுக்கு மலையும் அருவியும் கீறிக் கொடுப்பேன். ஆனால் ஆசை சினிமாவில். அப்போதுதான் எங்கள் வாவிக்கரையில் ஒரு முழுநீளப் படம் எடுக்கப் போவதாகவும், கலை இயக்குநர் ரமணன் அண்ணனுக்கு உதவிக்கு ஆள் தேவை என்றும் தெரியவந்தது. நான் வெட்டிய அன்னத்தின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினேன். "அன்னம் நல்லா இரிக்கி. அடுப்புக் கட்டத் தெரியுமா?" என்று பதில் வந்தது. தெரியாது. தெரியும் என்று எழுதினேன். என் சினிமா வாழ்க்கை அந்தப் பொய்யில்தான் தொடங்கியது.

அம்மாவுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் வீடு என்பது பெண்பிள்ளைக்குத்தான், பெற்றவர்கள் பாடுபட்டுக் கட்டிக் கொடுப்பார்கள். எனக்கென்று கட்டத் தொடங்கிய வீடு பின்வளவில் லிண்டல் மட்டத்தோடு மூன்று வருடமாக நின்றுகொண்டிருந்தது.

"உனக்குக் கட்டுற வீட்டுக்குக் கூரையில்ல, நீ ஊராருக்கு வீடு கட்டப் போறாய் என்ன?" என்றார் அம்மா.

"அது வீடில்லம்மா, செட்."

"ஓம், ஓம். படம் முடிய உடைக்கிற வீடு. நல்ல தொழில்தான் புள்ள புடிச்சிரிக்காய்."

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். இந்த ஒரு படம். ரமணன் அண்ணன் அடுத்த படத்துக்கும் என்னைக் கூப்பிட்டால் நான் என் பாட்டில் போகலாம். கூப்பிடாவிட்டால் வாயைப் பொத்திக்கொண்டு அரசாங்க வேலைக்கான விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும். அம்மா அந்தப் படிவத்தை அப்போதே எடுத்து வைத்துவிட்டார், மேலே பேனாவும்.

செட் போட்டது வாவியோரமாக ஒரு வெறும் வளவில். தென்னை நாலு, சதுப்பில் வளருகிற கண்ணாப் பற்றை கொஞ்சம், அவ்வளவுதான். அங்கே முன்பு வீடேதும் இருந்ததில்லை என்று வளவுக்காரரே சொன்னார், இதை ஞாபகம் வைத்திருங்கள், ஏனென்றால் இந்தக் கதையைக் கேட்கிற எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். ஏறாவூரிலிருந்து வந்த தச்சர் நசீர் காக்கா பிளைவூட் வெட்டிச் சுவர் நிறுத்தினார், மேலே தென்னோலைக் கிடுகு வேய்ந்தோம், பலகைக்கு மேல் மண் சாந்தும் சுண்ணாம்பும் பூசினோம். தூரத்தில் நின்று பார்த்தால் வீடு. தட்டிப் பார்த்தால் டொக் டொக் என்று பெட்டி. குசினி முழுக்க என் பொறுப்பு. வீடியோ பார்த்து அடுப்புக் கட்டினேன், இரண்டு தரம் இடிந்தது, மூன்றாம் தரம் நின்றது. நசீர் காக்கா எட்டிப் பார்த்து, "இதுல சமைக்கேலாது தங்கச்சி, ஆனா படம் எடுக்கலாம்," என்று சான்றிதழ் தந்தார்.

கதைப்படி அந்த வீட்டில் ஒரு இளம் குடும்பம் குடிபுகுகிறது. பிறகு இருபது வருடம் கழித்து அதே குசினியில் அதே அம்மா, வயதாகி. ஆகவே வீடு புதிதாக இருக்கும்போதே பால் காய்ச்சுகிற காட்சியை எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு ஆறு நாள் இடைவெளி, அந்த ஆறு நாளில் வீட்டுக்கு இருபது வயதை ஏற்றுவது எங்கள் வேலை.

பால் பொங்குவதைக் காட்டச் சவர்க்கார நுரையே போதும் என்றார் ரமணன் அண்ணன். கிடுகுக் கூரை, நெருப்பு வேண்டாம் என்று அவருக்குப் பயம். நான் விடவில்லை. முதல் படம் அல்லவா, என் கெட்டித்தனத்தைக் காட்ட வேண்டாமா? நுரை நுரைதான், பால் பால்தான், சனம் கண்டுபிடித்துவிடும் என்று வாதாடி ஒரே ஒரு தரம் நெருப்பு மூட்ட அனுமதி வாங்கினேன். அதோடு நிற்காமல் அம்மாவிடம் கேட்டுக் கேட்டு எல்லா முறையும் செய்தேன். புதுப்பானை, கிழக்குப் பார்த்த அடுப்பு, மஞ்சள், வெற்றிலை, நல்ல நேரமும் பார்த்தேன். பால் கிழக்குப் பக்கமாக அழகாகப் பொங்கி வழிந்தது. நடிக்க வந்த பெண்களே தங்களை மறந்து குரவையிட்டார்கள். டிரெக்டர் எழும்பி நின்று கைதட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றிரவு வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். அம்மா தேங்காய் திருவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப இண்டைக்கு அங்க ஆர் படுக்கிற?"

"ஒருத்தருமில்ல. ஏன்?"

"பால் காய்ச்சினா அண்டைக்கு ராவு ஆராவது அந்த வீட்டுல குடியிருந்து விளக்குக் கொளுத்தோணும் புள்ள. குடிபுகச் சொல்லிப் போட்டு வீட்ட வெறும் வீடா விட்டுட்டு வாறல்ல."

"அம்மா, அது பிளைவூட்."

"அது உனக்குத் தெரியும்," என்றார் அம்மா, மறுபடி திருவத் தொடங்கினார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அடுத்த நாள் நசீர் காக்காவிடமும் சொல்லிச் சிரித்தேன்.

அன்று காலையிலேயே வயதேற்றும் வேலை தொடங்கிவிட்டது. அடுப்புக்குப் பின்னால் இருக்கிற சுவர்ப் பலகைதான் என் செல்லப்பிள்ளை, ஏனென்றால் கமராவுக்கு நேரே தெரிவது அதுதான். வெள்ளைச் சுண்ணாம்புக்கு மேல் விளக்குக் கரியும் பிசினும் கொஞ்சம் தேங்காயெண்ணெயும் குழைத்துக் கையாலேயே பூசினேன். பூசுவதற்கு முன் அந்த வெள்ளைப் பலகையைப் படமும் எடுத்தேன், அந்தப் படம் இன்னும் போனில் இருக்கிறது. பிறகு சாமான் அடுக்கினேன். தண்ணீர்க் குடம், உப்புச் சிரட்டை, அகப்பைக் கூடு, சுளகு எல்லாம் அடுப்புக்கு வலப்பக்கம். ரமணன் அண்ணன் பார்த்துத் தலையாட்டியதும் மூலைக்கு மூலை படமெடுத்து வைத்துக்கொண்டேன். எங்கள் தொழிலில் அந்தப் படங்கள்தான் வேதம். ஒரு காட்சியைத் திங்கட்கிழமை பாதி, வியாழக்கிழமை மீதி என்று எடுப்பார்கள், திங்கட்கிழமை வலப்பக்கம் இருந்த சுளகு வியாழக்கிழமையும் அங்கேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திரையில் சுளகு பறக்கும். இதற்குக் கொன்டினியூட்டி என்று பெயர், என்னைப் போன்ற உதவியாளர்களைத் திட்டுவதற்காகவே கண்டுபிடித்த சொல்.

அடுத்த நாள் வந்து பார்க்கிறேன், சுளகு இடப்பக்கம் தொங்குகிறது.

காற்றாக இருக்கும், அல்லது நானே மறந்திருப்பேன் என்று எடுத்து வலப்பக்கம் மாட்டினேன். அதற்கடுத்த நாள் சுளகோடு உப்புச் சிரட்டையும் இடப்பக்கம் போயிருந்தது. காவலுக்கு இருந்த கிரான் ஊர்க்காரர் சின்னராசா அண்ணனைப் பிடித்தேன். அவர் இரவில் வளவு வாசலில் கட்டில் போட்டுப் படுப்பவர்.

"நானா? எனக்கு வீட்டுலயே குசினிப் பக்கம் போகத் தெரியாது தங்கச்சி. வேணுமெண்டா என்ட பெஞ்சாதியக் கேட்டுப் பாரு," என்றார்.

அதில் ஒரு நியாயம் இருந்தது. ஆனாலும் யாரோ பகிடி விடுகிறார்கள் என்று முடிவெடுத்தேன். பிடிக்க வேண்டுமே. மாலை எல்லாரும் போன பிறகு குசினி நிலம் முழுக்க அரிசிமா தூவிவிட்டு வந்தேன். யார் வந்தாலும் கால் தடம் விழும், எப்படி என் மூளை?

காலையில் போனால் தடமும் இல்லை, மாவும் இல்லை. நிலம் கூட்டித் துப்புரவாக இருந்தது. மா எங்கே என்று தேடினால், சுளகில் குவித்து, கல்லும் தும்பும் பொறுக்கி, மேலே வாழையிலையால் மூடி வைத்திருந்தது. நம்பினால் நம்புங்கள், எனக்கு அப்போது பயமே வரவில்லை. வெட்கம்தான் வந்தது. நல்ல மாவை நிலத்தில் கொட்டினாயே, உன்னை வளர்த்தவர்கள் எப்படி வளர்த்தார்கள் என்று யாரோ கேட்டது போல இருந்தது. சுளகு, சொல்லத் தேவையில்லை, இடப்பக்கம்.

இதுவரைக்கும் வேடிக்கை. ஆறு நாள் முடிந்து படப்பிடிப்புத் தொடங்கிய அன்று வினையாகிவிட்டது. மகள் பாத்திரம் கதவைத் திறந்து உள்ளே வருவது, பின்னால் குசினி தெரிவது, ஒரு சின்ன ஷொட். காலையில் பாதி எடுத்தார்கள், தேநீர் குடித்துவிட்டு மீதி எடுத்தார்கள். மொனிட்டரில் போட்டுப் பார்த்தால் முதல் பாதியில் குடம் வலப்பக்கம், இரண்டாம் பாதியில் இடப்பக்கம். அரைநாள் வீண். ரமணன் அண்ணன் கத்துகிற ஆள் இல்லை, குரலைத் தாழ்த்துவார், அது இன்னும் மோசம்.

"தர்ஷி, ஒருக்கா பிழைச்சா பழகுறா எண்டுவன். இன்னொருக்கா இப்பிடி வந்தா நான் வேற ஆளப் பாக்கத்தான் வேணும். குறை நினைக்காத."

அன்று வீடு திரும்பும்போது கல்லடிப் பாலத்தில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் அழுதேன். மீன்பிடிக்க நின்ற ஒரு ஐயா, "ஒள்ளுப்பம் அங்கால நிண்டு அழு மகள், கண்ணீர் தூண்டில்ல பட்டுப்போகும்," என்றார். சிரித்துவிட்டேன். ஆனால் வீட்டில் மேசையில் அந்தப் படிவமும் பேனாவும் அப்படியே இருந்தன.

அடுத்த நாள்தான் பெரிய காட்சி. அம்மா பாத்திரம் தனியே குசினியில் சமைக்கிறாள், மகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு வந்து ஒரு பேச்சும் இல்லாமல் சமைக்கிறாள், அவ்வளவுதான் காட்சி. நெருப்புக்குப் பதில் அடுப்புக்குள் செம்மஞ்சள் விளக்கும் புகை இயந்திரமும். கொழும்பிலிருந்து ஒரு பெரிய நடிகை வருவதாக ஏற்பாடு. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு எடுப்பது என்று முடிவாகி எல்லாரும் தென்னைக்குக் கீழே சாப்பிடப் போய்விட்டார்கள். நான் போகவில்லை. படத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றையும் வலப்பக்கம் வைத்து, குடத்தின் வாய் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பது வரைக்கும் சரிபார்த்துவிட்டு, குசினி வாசலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்சலைப் பிரித்தேன். அந்தக் குசினிக்கு அது ஒன்றுதான் வாசல். வெளியே வெயில் என்றால் அப்படி வெயில், வாவித் தண்ணீர் கண்ணைக் கூசியது. நான் வாசலை மறித்துக்கொண்டு மீன்குழம்புச் சோறு தின்றுகொண்டிருக்கிறேன், கண் முழுக்கச் சாமானில்.

ஒரு தரம் குனிந்தேன். போனில் இருக்கிற படத்தை ஒப்பிட்டுப் பார்க்க, ஒரு மூச்சு விடுகிற நேரம். நிமிர்ந்தால் எல்லாம் இடப்பக்கம். குடம், சிரட்டை, அகப்பைக் கூடு, சுளகு, நாலும். ஒரு சத்தம் கேட்கவில்லை. தண்ணீர் நிறைந்த குடம் அது, நான் தூக்கினாலே தளும்பும், நிலத்தில் ஒரு சொட்டு ஈரமில்லை. சுளகு மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது, இப்போதுதான் கையை எடுத்தது மாதிரி.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் அதைவிட வந்தது கோபம். எழும்பி ஓடியிருக்க வேண்டும், நான் என்ன செய்தேன் தெரியுமா? சோற்றுக் கையோடு சண்டைக்கு நின்றேன்.

"அக்கா," என்றேன். ஏன் அக்கா என்று வந்தது என்று கேட்காதீர்கள். "இது எனக்கு வேலை போற விசயம் அக்கா. வலப்பக்கம் வைக்கச் சொல்லித்தான் எனக்குச் சொல்லியிரிக்கி. இன்னொருக்கா மாறினா என்ன அனுப்பிருவாங்க. உங்களுக்கு விளங்குதா?"

ஒன்றும் நடக்கவில்லை. சுளகு ஆடுவது நின்றது, அவ்வளவுதான். வெறும் குசினியோடு வாதாடுகிறேன் என்று எனக்கே உறைத்தது. கையைக் கழுவிவிட்டுக் குடத்தைத் தூக்கப் போனேன். என்னால் முடியவில்லை. பாரம் என்று சொல்ல வரவில்லை, அது அதே குடம்தான், மனம்தான் வரவில்லை. அந்த நாலு சாமானையும் அடுப்படியில் குந்தியிருந்து பார்த்தேன். அவ்வளவு அழகாக, அவ்வளவு பழக்கமாக இருந்தன. நான் அடுக்கியது கடையில் அடுக்கியது. இது ஒருத்தி புழங்குகிற குசினி. தொழில் தெரிந்தவளுக்கு அது தெரியும், பொறாமையாகக்கூட இருந்தது.

"சரி," என்றேன், "உங்கட குசினி. உங்கட இஷ்டம்."

சொல்லி வாய் மூடவில்லை, ரமணன் அண்ணன் வாசலில் நிற்கிறார். குசினியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகம் மாறியது.

"இத ஆர் மாத்தின?"

இனி அந்தப் படிவம்தான் என்று மனதுக்குள் பேனாவை எடுத்துவிட்டேன். போகிறதுதான் போகிறோம், இன்னொரு பொய்யோடு போவோம் என்று, "நான்தான் அண்ணன்," என்றேன். "இதுதான் சரியெண்டு பட்டிச்சி."

அவர் வாசலைத் தாண்டி உள்ளே வந்தார்.

"உனக்கு ஆர் சொன்ன?"

"என்னத்த?"

"கொழும்பால வாற அக்காக்குக் காய்ச்சல், வரயில்ல. இண்டைக்குக் காலமதான் போன் கோல் வந்த. அந்தரத்துல ஆரோ சொல்லிக் கதிரவெளியிலிரிந்து மங்கை அக்காவ ஏத்திக்கொண்டு வந்திரிக்கம், இப்ப மேக்கப்புல இரிக்கா. அவ இடக்கைக்காரி. சமைக்கிற எல்லாம் இடக்கையாலதான். சாமானெல்லாம் அங்கால மாத்தோணுமே எண்டு சொல்லத்தான் நான் ஓடி வாறன்."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். டொக் என்றது.

யோசித்துப் பாருங்கள். சுளகு முதன்முதலாக இடப்பக்கம் போனது ஆறு நாளுக்கு முன்னால். அப்போது மங்கை அக்கா யார் என்றே எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கொழும்பு நடிகைக்குக் காய்ச்சலும் இல்லை.

மங்கை அக்கா வந்தார். கதிரவெளியில் கருவாடு போடுகிறவர், கோயில் கூத்துப் பார்த்த அனுபவத்தைத் தவிர நடிப்பென்று ஒன்றும் தெரியாது, வெள்ளையான சிரிப்பு. வாசலில் நின்று குசினியை ஒரு தரம் பார்த்தார்.

"என்னகா, எனக்கெண்டு அடுக்கி வச்ச மாதிரிக் கிடக்கு," என்றார். "இடக்கையால பொழங்கினா படத்துல வடிவில்லையெண்டு ஏசுவாங்க எண்டு பயந்து பயந்து வந்த நான்."

டிரெக்டர் ஆரம்பிக்கச் சொன்னார். மங்கை அக்கா உட்கார்ந்தார், கண்ணை அடுப்பிலிருந்து எடுக்கவில்லை. இடக்கை போகிறது, உப்பு இருக்கிறது. போகிறது, அகப்பை இருக்கிறது. குடத்தைச் சாய்க்கிறார், தண்ணீர் அளவாக விழுகிறது. ஒரு தரம்கூடத் தேடவில்லை, தடுமாறவில்லை. புகை இயந்திரத்தின் புகையில் அவருக்குக் கண் கலங்கியது, பிறகு அது புகையால் இல்லை என்று எல்லாருக்கும் விளங்கிவிட்டது. ஒரே டேக். டிரெக்டர் கட் சொல்வதற்கு முன்பே நசீர் காக்கா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ஒலிப்பதிவுத் தம்பி அதற்கு இன்னும் அவரைத் திட்டுகிறார்.

மகள் வருகிற அந்தச் சின்ன ஷொட்டையும் சாமான் இடப்பக்கம் இருக்கத் திருப்பி எடுத்தார்கள். ரமணன் அண்ணன் போகும்போது என் தலையில் லேசாகத் தட்டி, "அடுத்த படம் மன்னார்ல. உடுப்ப அடுக்கி வை," என்றார். எனக்குச் சந்தோசத்தில் கண் இருட்டியது. அதோடு நெஞ்சுக்குள் ஒரு முள்ளும் இருந்தது. அந்தப் பாராட்டு எனக்குரியது இல்லை. யாரோ செய்த வேலைக்கு நான் பெயர் வாங்கிவிட்டேன், அவளுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. அன்று மாலை எல்லாரும் போன பிறகு ஒரு சிட்டி விளக்குக் கொளுத்தி அடுப்படியில் வைத்துவிட்டு வந்தேன். மிச்சமிருந்த ஒன்பது நாளும் வைத்தேன். ஒரு சாமானும் பிறகு இடம் மாறவில்லை. எங்கள் இருவருக்கும் ஒத்துப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

படம் முடிந்ததும் செட் உடைக்க வேண்டும், மாரி தொடங்குவதற்குள் வளவைத் துப்புரவாக ஒப்படைக்க வேண்டும் என்று பேச்சு. அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் கஷ்டமான நாள். பால் காய்ச்சிக் குடிபுகச் சொன்னவளும் நான், கடப்பாரையோடு நிற்பவளும் நான். நசீர் காக்காவிடம் அதைச் சொல்ல முடியுமா? மண்ணாங்கட்டி மாதிரி நின்றேன். அவர் கிடுகை இறக்கினார், சுவர்களைக் கழற்றினார், கடைசியாக அடுப்புக்குப் பின்னால் இருந்த என் கரிப் பலகையை இழுத்தார். திரும்பப் பாவிக்கலாம், கழுவி வை தங்கச்சி என்றார்.

கழுவினேன். பிசினில் குழைத்த கரி, தண்ணீர் பட்டதும் என் பூச்சு வழிந்து போனது. கீழே வெள்ளைச் சுண்ணாம்பு வர வேண்டும். வரவில்லை. கீழேயும் கரி. தேய்த்தேன், போகவில்லை. சவர்க்காரம் போட்டேன், போகவில்லை. கையில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது.

"காக்கா, இஞ்ச வந்து பாருங்க."

அவர் உளியால் ஓர் ஓரத்தைச் சுரண்டினார். விரல்நகக் கனத்துக்குக் கரி. மணந்து பார்த்தார். மறுபடி சுரண்டினார்.

"இது பெயின்டில்ல புள்ள. சமைச்ச கரி. எங்கட உம்மாட குசினியில இரிந்த கரி மாதிரி, இருவது இருவத்தஞ்சு வருசம் சமைச்சாத்தான் இப்பிடிப் புடிக்கும்." பிறகு பலகையின் பின்பக்கத்தைத் திருப்பினார். அவருடைய கையெழுத்தில், அவருடைய பென்சிலில் அளவு எழுதியிருந்தது. "இத நான் வெட்டி ரெண்டு மாசமாகல்ல."

இருவரும் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றோம். வெள்ளைப் பலகையை நான் படமெடுத்தது பால் காய்ச்சிய அடுத்த நாள் காலை. அந்த வெள்ளைக்கு மேல் நேரடியாக என் கையாலேயே பூச்சைப் பூசினேன். என் பூச்சுக்கும் அந்த வெள்ளைக்கும் நடுவில் இருபது வருடம் எப்படிப் போய்ப் புகுந்தது? அந்த அடுப்பில் நெருப்பு எரிந்தது ஒரே ஒரு நாள். நசீர் காக்கா உளியைத் துடைத்துப் பெட்டிக்குள் போட்டார். "இத என்ட லொறியில ஏத்தமாட்டன். நீ கொண்டு போ," என்றார்.

ஸ்கூட்டியில் குறுக்கே கட்டிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வேறு என்ன செய்ய? எறிய மனம் வரவில்லை. என் அறையில், கட்டிலுக்கு எதிரே சுவரில் சாத்தி வைத்திருக்கிறேன். மன்னார் படம் முடிந்து, அதற்குப் பிறகு இன்னும் இரண்டு படம் செய்துவிட்டேன். அம்மா அந்தப் படிவத்தை மடித்து மேசையின் ஆட்டத்துக்கு அண்டை கொடுத்துவிட்டார். வேலை விசயமாக வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தப் பலகையைப் பார்த்து, அதென்ன கலவை, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். தொழில் இரகசியம் என்று சொல்லிச் சிரிக்கிறேன். சொன்னால் நம்பவா போகிறார்கள்?

பலகையில் கரி படியாத ஓர் ஓரம் இருந்தது, கீழே ஒரு சாண் அகலம். போன மாரியில் எனக்கு ஒரு சந்தேகம் வந்து, கரி முடிகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவைத்தேன். பிறகு வேலையில் மறந்துவிட்டேன். போன மாதம் ஒரு மத்தியானம் நான் அறையில் மேசையில் குனிந்து செட்டுக்கு அளவு கீறிக்கொண்டிருக்க, அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். எங்கள் குசினியில் அன்று அடுப்பு மூட்டவில்லை, அம்மாவுக்கு விரதம்.

"என்ன புள்ள, அறைக்குள்ள சமைக்கிறாய்? பாலாணம் மணக்குது."

நான் நிமிர்ந்து மணந்து பார்த்தேன். தேங்காய்ப்பால் குழம்பு மணத்தது. எழும்பிப் போய்ப் பலகையைப் பார்த்தேன். கோட்டைக் காணவில்லை. அது இருந்த இடத்தைத் தாண்டி நாலு விரல் கீழே வந்திருந்தது கரி, தொட்டால் இன்னும் சூடு.